ஆமணக்கு எண்ணெய் நுரை சட்டென்று பற்றிக்கொள்கிறது: எதைச் சேர்த்தால் நிற்கும்?

குளிர்பெட்டி

மீன், மருந்து அனுப்பும் குளிர்பெட்டிகளின் சுவருக்குள் வைக்க 40 மி.மீ. பலகை ஊற்றுகிறோம். ஆமணக்கு எண்ணெயில் செய்த கெட்டி பாலியூரித்தேன் நுரை. எடைப்படி கலவை: ஆமணக்கு எண்ணெய் 85, கிளிசரின் 15, தண்ணீர் 3, சிலிகான் (நுரையறைகளை நிலைநிறுத்த) 2, அமீன் கேட்டலிஸ்ட் (வினையூக்கி) 0.8, பிஎம்டிஐ (எண்ணெயோடு வினைபுரிந்து நுரையைக் கெட்டியாக்கும் ஐசோசயனேட் திரவம்) 159. அடர்த்தி கன மீட்டருக்கு 50 கிலோ பக்கம் வருகிறது. நுரையில் குறையில்லை. ஆனால் ஓரத்தில் லைட்டரைக் காட்டினால் உடனே பற்றி, தீ மறுமுனை வரை ஓடிவிடுகிறது.

அம்மோனியம் பாலிபாஸ்பேட் (ஏபிபி) 20 பங்கு போட்டுப் பார்த்தோம். தீ கொஞ்சம் மெதுவாகப் போகிறது, ஆனால் பலகை நடுவில் அமுங்கிவிடுகிறது. வெங்காரம் போடு என்கிறார் ஒருவர், உரக்கடை டிஏபியே (டைஅம்மோனியம் பாஸ்பேட்) போதும் என்கிறார் இன்னொருவர். குளோரின், புரோமின் உள்ள எதுவும் வேண்டாம். என்ன வழி?

பாலியால்_வேதி

முதலில் வெங்காரத்தையும் டிஏபியையும் ஒதுக்கிவிடுங்கள்.

வெங்காரத்தின் எடையில் 47 சதவீதம் படிகநீர். சுமார் 75 டிகிரியில் அது தன் நீரிலேயே உருகும். உங்கள் நுரையின் நடுப்பகுதி எழும்பும்போதே 100 டிகிரியைத் தாண்டிவிடும். 1 கிராம் தண்ணீர் 15 கிராம் பிஎம்டிஐயைத் தின்னும் என்பதால், 10 கிராம் வெங்காரத்தில் இருக்கும் 4.7 கிராம் நீர் முழுதும் வெளிவந்தால் 70 கிராம் பிஎம்டிஐ கணக்கில் குறையும். வாயு எக்கச்சக்கம், பிணைப்பு போதாது, நுரை விழும். போரிக் அமிலத்திலும் இதே சிக்கல்தான். டிஏபி சூட்டில் அம்மோனியாவை விடும், ஈரத்தை இழுக்கும், தண்ணீர் பட்டால் கரைந்து வெளியே வரும். குளிர்பெட்டியில் நீர் கசியாமல் இருக்காது.

நீங்கள் போட்ட ஏபிபி எந்த வகை? முதல் வகையில் சங்கிலி குட்டை, தண்ணீரில் கரையும், ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். நுரைக்கு இரண்டாம் வகைதான் வேண்டும், சங்கிலி நீளம் 1000க்கு மேல். அதையும் 80 டிகிரியில் நான்கு மணி நேரம் உலர்த்திவிட்டுப் போடுங்கள். தூளின் பரப்பும் சிலிகானைக் கொஞ்சம் இழுத்துக்கொள்ளும், ஆகவே சிலிகானை 3 ஆக்குங்கள். அமுங்கலில் பெரும்பகுதி இதிலேயே சரியாகும்.

அடுத்து கலவையின் அடித்தளம். ஆமணக்கு எண்ணெயின் கொழுப்பமிலச் சங்கிலி 18 கார்பன் நீளம், அது எரிபொருள்தான். யூரித்தேன் பிணைப்போ 200 டிகிரியை ஒட்டியே உடையத் தொடங்கும். மூன்று ஐசோசயனேட் சேர்ந்த வளையம், அதாவது ஐசோசயனுரேட், 300 டிகிரிக்கு மேலும் தாங்கும், கரியாக நிற்கும். கூடுதல் பிஎம்டிஐயை அந்த வளையமாக மாற்றுவதுதான் பிஐஆர் நுரை.

செலவு எகிறும் என்று பயப்பட வேண்டாம். உங்கள் கலவையில் பிஎம்டிஐயைப் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகக் கிளிசரினே விழுங்குகிறது. கணக்கு இது: எண்ணெயின் சமான எடை, அதாவது ஒரு வினைக்குழுவுக்கு உரிய எடை, 350 (ஐசோசயனேட்டோடு வினைபுரியும் ஹைட்ராக்சில் குழுக்களின் அளவைச் சொல்லும் ஹைட்ராக்சில் எண் 160 என்றால்), கிளிசரினுக்கு 30.7, தண்ணீருக்கு 9, பிஎம்டிஐக்கு 135.5. 85/350 + 15/30.7 + 3/9 = 1.065. குறியீடு (கணக்குப்படி தேவையான பிஎம்டிஐ 100 என்றால் நாம் போடுவது எவ்வளவு என்பது) 110 என்றால் 159 கிராம், நீங்கள் போடுவதேதான். கிளிசரினை எடுத்துவிட்டு எண்ணெயை 100 ஆக்கினால் 100/350 + 3/9 = 0.619. குறியீட்டை 200க்கு உயர்த்தினாலும் பிஎம்டிஐ 168 கிராம்தான்! வெறும் 9 கிராம் கூடுதலில் வளையம் கிடைக்கிறது. கை தேர்ந்தபின் குறியீட்டை 250 ஆக்கலாம், அப்போது 210 கிராம்.

அந்த வளையத்தை உருவாக்கும் கேட்டலிஸ்டாகப் பொட்டாசியம் ஆக்டோயேட் 2 பங்கு வேண்டும். அது டைஎத்திலீன் கிளைக்காலில் கரைந்து வரும், அந்தக் கிளைக்காலையும் கணக்கில் சேருங்கள். அச்சு 50–60 டிகிரி சூட்டில் இருக்க வேண்டும். குளிர்ந்த அச்சில் ஊற்றினால் ஓரங்களில் வளையம் உருவாகாமல் தோல் பொடியாக உதிரும். எண்ணெயின் ஹைட்ராக்சில் மந்தமானது என்பதால் அமீனைக் குறைக்காதீர்கள். பிஐஆர் பொதுவாக நொறுங்கும் குணம் கொண்டது, ஆமணக்கின் நீண்ட சங்கிலி அதைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும். இந்த எண்ணெய்க்கு இது இயல்பாகவே அமைந்த அனுகூலம்.

கரித்திரை

மேலே சொன்னதோடு விரிவடையும் கிராஃபைட்டையும் (அடுக்குகளுக்கு இடையே அமிலம் ஏற்றிய, சூட்டில் விரியும் கிராஃபைட் செதில்) சேருங்கள். எண்ணெய் 100க்கு கிராஃபைட் 30, ஏபிபி 15. மொத்த எடையில் 14 சதவீதம் வரும். நீங்கள் போட்ட 20 பங்கு ஏபிபி மொத்தத்தில் 7 சதவீதம்தான், அதனால்தான் தீ நிற்கவில்லை.

200 டிகிரி வாக்கில் கிராஃபைட் செதில் புழு மாதிரி நீண்டு, நுரையின்மேல் கனமான கறுப்புப் போர்வையாகக் கிடக்கும். தனியாகப் போட்டால் அந்தப் புழுக்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் பஞ்சாக உதிர்ந்துபோகும், காற்றடித்தால் பறக்கும். ஏபிபியிலிருந்து வரும் பாஸ்பாரிக் அமிலம்தான் அவற்றை ஒட்டவைக்கும் பசை. எனவே ஒன்றை விட்டு ஒன்று வேண்டாம்.

குளிர்பெட்டி

செதில் சீக்கிரம் அடியில் படிகிறது. மிக்ஸியில் மாவாக அரைத்துப் போடலாமா?

கரித்திரை

அரைக்கவே கூடாது. செதில் பெரிதாக இருந்தால்தான் விரியும். 50 முதல் 80 மெஷ், அதாவது 180–300 மைக்ரான் வாங்குங்கள். அரைத்தால் இடையில் சிக்கியிருக்கும் அமிலம் ஓரங்கள் வழியே தப்பிவிடும், வெறும் கறுப்புப் பொடிதான் மிஞ்சும். வேகமாகச் சுற்றும் பல்வட்டத் தகடும் செதிலை உடைக்கும், சாதாரணத் துடுப்புக் கலக்கி போதும்.

படிவதற்கு வழி: செதிலை எண்ணெய்ப் பக்கத்தில் ஊற்றுவதற்குச் சற்று முன் போட்டு, 800–1000 சுற்றில் இரண்டு நிமிடம் கலக்கி, உடனே பிஎம்டிஐ சேருங்கள். அதன்பின் 10 விநாடிக்கு மேல் கலக்க வேண்டாம். முதல் நாளே கலந்து வைக்காதீர்கள்.

வாங்கும்போது நடுநிலை பிஎச் உள்ள ரகமாகக் கேளுங்கள். கழுவப்படாத ரகத்தில் கந்தக அமிலம் மிச்சம் இருக்கும், அது அமீனைச் செயலிழக்கச் செய்து நுரை எழும்பும் நேரத்தைத் தள்ளிப்போடும்.

ஒரு இழப்பை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். செதில் நுரையறைச் சுவர்களைக் குத்திக் கிழிப்பதால் குளிர்காக்கும் திறன் குறையும். பெட்டிக்கு அது முக்கியம் என்றால் கிராஃபைட்டை 20 ஆக்கி, குறியீட்டை 250க்குக் கொண்டுபோங்கள்.

தீச்சோதனை

லைட்டரை வைத்து முடிவெடுக்காதீர்கள். ஊற்றிய அன்றே சோதிக்கவும் வேண்டாம். துண்டுகளை 23 டிகிரி, 50 சதவீத ஈரப்பதத்தில் குறைந்தது 48 மணி நேரம் வைத்திருங்கள். மேல்தோலை நீக்கி வெட்டிய முகத்தில் தீயைக் காட்டுங்கள், தோல் அடர்த்தியானது, ஏமாற்றும். யூஎல் 94 என்ற அமெரிக்கத் தீச்சோதனைத் தரத்தின் நுரைச் சோதனையில் 150 × 50 மி.மீ. துண்டைக் கிடையாக வைத்து அகலத் தீயை 60 விநாடி காட்டுவார்கள். அதே அளவில் வெட்டி, முன்னும் பின்னும் எடை போட்டு, தீ எதுவரை ஓடியது, சொட்டு விழுந்து கீழே உள்ள பஞ்சு பற்றியதா என்று குறித்துக்கொண்டால் கலவைகளை ஒப்பிட முடியும். புகையில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் இருக்கும், புகையை உறிஞ்சி வெளியேற்றும் கூண்டுக்குள் (ஃப்யூம் ஹூட்) மட்டுமே செய்யுங்கள். ஊற்றும் இடத்திலும் பிஎம்டிஐ ஆவிக்குத் தகுந்த முகக்கவசம் கட்டாயம். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு துளி ஆவிகூட மூச்சைத் திணறவைக்கும்.

இந்தச் சிறு சோதனையில் தேறினாலும் பெரிய தீயில் நிற்கும் என்று பெட்டிமேல் எழுதிவிடாதீர்கள். வாடிக்கையாளர் சான்று கேட்டால் ஐஎஸ்ஓ 5660 கூம்புக் கலோரிமீட்டரில் (எரியும்போது வெளிவரும் வெப்பத்தை அளக்கும் கருவி) 100 × 100 மி.மீ. துண்டைக் கொடுத்து, சதுர மீட்டருக்கு 50 கிலோவாட் வெப்பத்தில் பாருங்கள். 2017இல் லண்டன் கிரென்ஃபெல் கட்டடத்தில் வெளிப்புறத் தகட்டின் பாலிஎத்திலீன்தான் முதன்மைக் காரணம், ஆனால் அதன் பின்னால் இருந்த பிஐஆர் நுரையும் எரிந்தது.

அதனால் நுரையைத் திறந்து விடாதீர்கள். கிராஃபைட்டுக்குச் செலவழிப்பதில் ஒரு பங்கை முகப்புக்குக் கொடுங்கள்: கண்ணாடியிழைத் துணியோடு ஒட்டிய அலுமினியத் தாள், ஆறு பக்கமும், வெட்டு விளிம்பு உட்பட. மூலையில் தாள் 20 மி.மீ. ஒன்றின்மேல் ஒன்று ஏற வேண்டும். தீ நுழைவது பெரும்பாலும் அந்த மூட்டு வழியாகத்தான்.