டைனமோ போயிடுச்சு, புதுசு வாங்கவா இல்ல ரீமேனுஃபேக்சர்ட் போதுமா?

வைகைக்கரை:
வணக்கம் நண்பர்களே, 2014 மாடல் டீசல் வண்டி, 1,32,000 கிலோமீட்டர் ஓடிருக்கு. போன சனிக்கிழமை மதுரைல இருந்து திருச்சி போறப்ப மேலூர் தாண்டுனதும் மீட்டர்ல பேட்டரி லைட் எரிஞ்சுது, ஏசிய ஆஃப் பண்ணிட்டு அப்படியே திரும்பிட்டேன், மறுநாள் காலைல செல்ஃப் எடுக்கல. இஞ்சின் ஓடுறப்பவே பேட்டரில 12.1 வோல்ட்தான் காட்டுது. இஞ்சின் ஓடுறப்ப பேட்டரிக்கு சார்ஜ் ஏத்துற டைனமோ போச்சுன்னு மெக்கானிக் சொல்றார். புதுசு 14,500, பழச குடுத்தா ரீமேனுஃபேக்சர்ட் (பழசயே பிரிச்சு சரிபண்ணி விக்கிறது) 7,800, இங்கயே பிரிச்சு உள்ள உரசித் தேயுற கார்பன் மட்டும் மாத்துனா 2,500. அப்பாவ ராத்திரில ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போற வண்டி, நடுவழில நின்னுடக் கூடாது. என்ன பண்ணலாம்?

கரிசல்காடு:
முதல்ல டைனமோதானான்னு உறுதி பண்ணுங்க ப்ரோ. டைனமோ பின்னாடி தடி வயர் வர்ற போல்ட்ல மீட்டர வச்சு பாருங்க. அங்க 14 வந்து பேட்டரில 12 வந்தா வயர் இல்லன்னா ஃபியூஸ், டைனமோ நல்லாத்தான் இருக்கு. பெல்ட்டையும் பாருங்க. இஞ்சின் ஓடுறப்ப பேட்டரி வயர கழட்டிப் பாக்குற பழைய டெஸ்ட்ட மட்டும் யாரையும் பண்ண விடாதீங்க, வோல்டேஜ் ஏறி ஈசிஎம் (இஞ்சின கண்ட்ரோல் பண்ற கம்ப்யூட்டர்) அடிவாங்கிடும்.

நொய்யல்:
நான் புதுசுக்குத்தான் ஓட்டு போடுவேன். ரீமேனுஃபேக்சர்ட்னு சொல்லி ஒரு கடைல வாங்குனேன், அஞ்சே மாசம். பிரிச்சுப் பாத்தா கார்பன மட்டும் மாத்தி மேல சில்வர் பெயிண்ட் அடிச்சிருக்காங்க, உள்ள பழைய பேரிங்கே கெடக்கு.

எலக்ட்ரீஷியன்_சிவகாசி:
நொய்யல் சார், உங்களுக்கு வந்தது ரீமேனுஃபேக்சர்ட் இல்ல, துடைச்ச பழசு. 19 வருசமா இதே வேலை பாக்குறேன், மனசு கஷ்டமா இருக்கு, இந்த மாதிரி ஆளுங்களால நல்லா பண்றவனுக்கும் கெட்ட பேரு. முழுசா பிரிச்சு கழுவி பேரிங், கார்பன், ரெகுலேட்டர் புதுசு போட்டு, டயோடு பிளேட்டையும் கார்பன் உரசுற ஸ்லிப் ரிங்கையும் பாத்து தேஞ்சிருந்தா மாத்தி, பெஞ்சுல லோடு குடுத்து டெஸ்ட் பண்ணணும், அதுக்குப் பேருதான் ரீமேனுஃபேக்சர்ட்.
வைகைக்கரை தம்பி, முதல்ல கழட்டிப் பாக்க சொல்லுங்க. ஸ்லிப் ரிங் வழவழன்னு இருந்தா கார்பனும் ரெகுலேட்டரும் போதும். குழி விழுந்திருந்தா புது கார்பனயும் அது சீக்கிரமே தின்னுடும், அந்த 2,500 வீண். ரீமேனுஃபேக்சர்ட் எடுத்தா பில்லுல வாரண்டி எழுதி வாங்குங்க, ஆம்பியர் பழசுல இருக்குறதேதான் இருக்கணும், புல்லியும் அதே டைப்பான்னு பாருங்க. டைனமோ, செல்ஃப் மோட்டாருக்கெல்லாம் இது ஓகே, பிரேக்குன்னா நானே புதுசுதான் போடுவேன்.

வைகைக்கரை:
ரொம்ப நன்றிண்ணே. போல்ட்லயும் 12.1தான். கழட்டிப் பாத்தோம், கார்பன் கிட்டத்தட்ட இல்ல, ரிங்ல நகம் மாட்டுற அளவுக்கு குழி. முன் பேரிங்கும் கரகரங்குது. ஒரு வருச வாரண்டி பில்லோட ரீமேனுஃபேக்சர்டே எடுத்துட்டேன், கடைல கண்ணு முன்னாடியே பெஞ்சுல ஓட்டிக் காட்டுனாங்க. நாளைக்கு காலைல மாட்டுறோம்.

எலக்ட்ரீஷியன்_சிவகாசி:
நல்லது தம்பி. மாட்டுறதுக்கு முன்னாடி பேட்டரிய ராத்திரி முழுக்க வெளி சார்ஜர்ல போட்டுடுங்க. செத்த பேட்டரிய ஏத்த வச்சா டைனமோ முதல் நாளே சூடாகி அடி வாங்கும். மாட்டுனதும் ஹெட்லைட், ஏசி ரெண்டையும் போட்டு வோல்டேஜ் பாத்து சொல்லுங்க.

வைகைக்கரை:
மாட்டியாச்சுண்ணே. சும்மா 14.3, எல்லாம் போட்டா 13.9. மீட்டர்ல அந்த பேட்டரி லைட்டும் அணைஞ்சிடுச்சு.