நான்கு வழிச்சாலையில் பெரிய லாரிகளுக்கு நடுவே கார் ஓட்டுவது எப்படி?

கேள்வி (பாளையங்கோட்டை)

வேலை நிமித்தமாகப் பாளையங்கோட்டையிலிருந்து பணகுடிக்கு நானே கார் ஓட்டிச் செல்கிறேன். ஊருக்குள் ஓட்டுவதில் எனக்குச் சிரமமில்லை. ஆனால் நாங்குநேரி சுங்கச்சாவடியைத் தாண்டியதும் கண்டெய்னர் டிரெய்லர்களும் ஜல்லி ஏற்றிய பன்னிரண்டு சக்கர லாரிகளும் சூழ்ந்துகொள்ளும்போது, முந்திச் செல்வதா, பின்னாலேயே போவதா என்று முடிவெடுக்க முடிவதில்லை. பல லாரிகள் வலத் தடத்தை விட்டு விலகுவதே இல்லை. அவற்றை இடப்பக்கமாக முந்தலாமா? லாரி ஓட்டிய அனுபவமுள்ளவர்கள், உங்கள் இருக்கையிலிருந்து பார்த்தால் எங்கள் கார் எப்படித் தெரிகிறது என்று விளக்கினால் பேருதவியாக இருக்கும்.

மறுமொழி (கங்கைகொண்டான், லாரி ஓட்டுநர்)

தங்கச்சி, நீங்கள் கேட்ட கடைசிக் கேள்வியில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. பல இடங்களில் உங்கள் கார் எங்களுக்குத் தெரிவதே இல்லை. ஓட்டுநர் வலப்பக்கம் உயரத்தில் அமர்ந்திருப்பதால், கேபினின் இடப்பக்கக் கதவை ஒட்டி வரும் சிறிய காரும், முன் பம்பரை ஒட்டி நிற்கும் காரும் அவர் பார்வைக்குள் வருவதில்லை. டிரெய்லரின் நேர் பின்னால் ஒட்டி வரும் கார் எந்தக் கண்ணாடியிலும் விழாது. லாரியின் பக்கக் கண்ணாடியில் ஓட்டுநரின் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால், அவருக்கும் நீங்கள் தெரியவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே இடப்பக்கமாக முந்துவதை நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். இடத் தடத்தில் பைக்குகள் வரும், பழுதான வண்டி நிற்கும், எதிர்த்திசையில் டிராக்டர்கூட வரும்; லாரிகள் வலத் தடத்தைப் பிடித்துக்கொள்வதற்கும் பாதிக் காரணம் இதுதான். பின்னால் ஹாரன் கேட்டு ஓட்டுநர் இடப்பக்கம் ஒதுங்கும் அதே நொடியில் நீங்கள் அங்கே இருந்தால், தப்பிக்க உங்களுக்கு வழி இருக்காது. தள்ளியே நின்று விளக்கைச் சிமிட்டி, ஹாரன் கொடுத்துக் காத்திருங்கள். வழி கிடைத்து முந்தத் தொடங்கியபின் டிரெய்லரின் நடுவில் இணையாக ஓடிக்கொண்டிராமல், தயங்காது முன்னேறிவிடுங்கள். முந்தியதும் சட்டென்று இடப்பக்கம் வெட்டாதீர்கள். லாரியின் முகப்பு முழுவதும் உங்கள் உள் கண்ணாடியில் தெரிந்த பிறகே தடம் மாற வேண்டும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஏர் பிரேக்கில் பெடலை மிதித்தபின் காற்று பின் சக்கரங்கள் வரை போய்ச் சேரவே சிறிது நேரமாகும். 30 டன்னுக்கு மேல் எடையோடு வரும் வண்டி அதற்குப் பிறகுதான் வேகம் குறையத் தொடங்கும். 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 22 மீட்டர் ஓடிவிடுகிறோம். நாங்கள் முன்னால் விடும் இடைவெளி உங்களுக்காக விட்ட இடமன்று, நாங்கள் நிற்பதற்குத் தேவையான இடம். பின்னால் வரும்போது நீங்களும் நான்கு நொடி இடைவெளியாவது விடுங்கள்.

மறுமொழி (காவல்கிணறு)

அண்ணாச்சி சொன்னவற்றோடு நம் பக்கத்துக் காற்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வீசும் காற்று பணகுடி, காவல்கிணறு பகுதியில் காரையே நகர்த்தும். தெற்கே போகும்போது அது உங்கள் வலப்பக்கம் அடித்து, முந்தும் காரை லாரியின் பக்கமாகத் தள்ளும். திரும்பி வடக்கே வரும்போது லாரி காற்றை மறைத்துக்கொண்டிருக்கும். அதன் முகப்பைத் தாண்டிய உடனே இடப்பக்கத்திலிருந்து மொத்தக் காற்றும் மோதி, காரைச் சென்டர் மீடியனை நோக்கி ஒதுக்கும். இரு கைகளாலும் ஸ்டீரிங்கைப் பிடித்து, அந்தத் தள்ளலை முன்கூட்டியே எதிர்பார்த்து ஓட்டுங்கள். காற்றாலை இறக்கை ஏற்றிய நீள டிரெய்லர் வந்தால் முந்த நினைக்கவே வேண்டாம். இடப்பக்கம் திரும்பும் எந்த டிரெய்லரும் முதலில் வலப்பக்கம் அகன்றுதான் வளையும். அந்த இடைவெளியைக் கண்டு உள்ளே நுழைபவர்கள்தான் நசுங்குகிறார்கள்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. அண்ணாச்சியிடம் இன்னும் இரண்டு ஐயங்கள். முன்னால் செல்லும் லாரி வல இண்டிகேட்டரைப் போட்டால் முந்தலாம் என்று சிலர் சொல்கிறார்கள், சரிதானா? இரவில் திரும்ப நேர்ந்தால் எதைக் கவனிக்க வேண்டும்?

மறுமொழி (கங்கைகொண்டான், லாரி ஓட்டுநர்)

இண்டிகேட்டரை நம்பி முந்தாதீர்கள். சில ஓட்டுநர்கள் வழிவிடுவதற்கு அதைப் போடுகிறார்கள், சிலர் "வராதே" என்பதற்குப் போடுகிறார்கள், சிலர் உண்மையாகவே வலப்பக்கம் திரும்பப் போடுகிறார்கள். லாரி ஒதுங்கி, முன்சாலை உங்கள் கண்ணுக்கே தெளிவாகத் தெரிந்த பிறகு மட்டும் முந்துங்கள்.

இரவில் எனக்கு ஓடும் லாரியைவிட நிற்கும் லாரிதான் பயம். சாலையோரத்தில் விளக்கும் ஒளிரும் பட்டையும் இல்லாமல் நிறுத்தியிருப்பார்கள். அதன் பின்னால் மோதும் காரின் பானெட் லாரிக்கு அடியில் புகுந்துவிட, லாரியின் தளம் நேராகக் காரின் முன்கண்ணாடியில் வந்து இடிக்கும். எனவே டிம் வெளிச்சம் எட்டும் தூரத்துக்குள் நிறுத்தக்கூடிய வேகத்திலேயே வாருங்கள், இடது ஓரத்தை ஒட்டி ஓட்டாதீர்கள். உங்கள் கார் பழுதானால் ஹசார்டு விளக்கைப் போட்டுவிட்டு, காரில் உட்காராமல் சாலையை விட்டு நன்றாக விலகி நின்று 1033 எண்ணை அழையுங்கள்.