மாவலிப் படமும் ஃபிளாஷும்

*எங்கள் வீடு (குடும்பக் குழு)*

கவிதா: [படம்]
நாளை கார்த்திகை. சின்னவன் இன்று மாலை மாவலியை (கரித்தூளைத் துணியில் கட்டித் தீ வைத்துச் சுழற்றுவோமே, அது) ஒருமுறை சுழற்றிப் பார்த்தான், மதன் எடுத்த படம் இது. முகம் சுண்ணாம்பு அடித்த சுவர் போல் இருக்கிறது, தீப்பொறியைக் காணவே காணோம். சித்தப்பா, கொஞ்சம் பாருங்களேன்.

சித்தப்பா: கேமரா ஆட்டோவில் இருந்திருக்கும். ஃபிளாஷ் போட்டதும் அது ஷட்டரை, அதாவது ஒளியை உள்ளே விடும் கதவை, 1/60 நொடி அளவில் வைத்துக்கொள்ளும். மாவலி ஒரு சாண் நகர்வதற்குள் ஷட்டர் மூடிவிடுகிறது, பிறகு நெருப்பு வட்டம் எங்கிருந்து வரும்?

சித்தப்பா: ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். வட்டத்தை வரைவது ஷட்டர், ஆளைப் பிடித்து நிறுத்துவது ஃபிளாஷ். இரண்டையும் தனித்தனியாக முடிவு செய்ய வேண்டும்.

மதன்: அப்படியானால் ஷட்டரை எவ்வளவு வைக்கலாம் சித்தப்பா?

சித்தப்பா: மேனுவலில் ஷட்டர் 2 நொடி, எஃப் 8, ஐஎஸ்ஓ 100. எஃப் என்பது லென்ஸ் துளையின் அளவு, எண் கூடினால் துளை சிறுக்கும். ஐஎஸ்ஓ என்பது கேமராவின் ஒளி உணர்திறன். முக்காலி கட்டாயம். முதல் படத்தை ஃபிளாஷ் இல்லாமலே எடு. இருட்டில் ஆரஞ்சு வட்டம் மட்டும் தெரிய வேண்டும். வெளுத்துப்போனால் எஃப் 11-க்குப் போ. வட்டம் மனதுக்குப் பிடித்தபடி வந்த பிறகுதான் ஃபிளாஷைத் தொட வேண்டும்.

மதன்: இருட்டில் ஃபோகஸ் அலைகிறது.

சித்தப்பா: சுற்றுவதற்கு முன் அவன் முகத்தில் டார்ச் அடித்து ஃபோகஸ் செய்துகொள். பிறகு மேனுவல் ஃபோகஸுக்கு மாற்றிவிடு. அவன் நின்ற இடத்தில் தரையில் ஒரு கோடு போட்டு வை, நகராமல் இருப்பான்.

பெரிய அத்தை: தம்பி, இந்த முறை பனம்பூக் கரியை நன்றாக இடித்துத் துணியில் இறுக்கிக் கட்டியிருக்கிறேன். பொறி பொலபொலவென்று கொட்டும். பிள்ளைகள் பருத்திச் சட்டைதான் போட வேண்டும், நைலான் கூடவே கூடாது.

சித்தப்பா: நல்லது அக்கா. நாளை இரவு வாசல் டியூப்லைட்டையும் அணைத்துவிடுங்கள். அது எரிந்தால் பையன் அந்த 2 நொடியும் படத்தில் பதிந்துகொண்டே இருப்பான், அவன் உடம்பு வழியாகப் பின்னால் இருக்கும் திண்ணை தெரியும். இருட்டாக இருந்தால் ஃபிளாஷ் அடித்த கணம் மட்டும்தான் பதியும். அந்தக் கணம் ஆயிரத்தில் ஒரு பங்கு நொடி அளவுதான், அதனால்தான் ஆள் அசையாமல் தெரிகிறான்.

கவிதா: ஃபிளாஷைக் கேமரா மேலேயே மாட்டலாமா?

சித்தப்பா: வேண்டாம். மாவலியில் பொறி மட்டுமா வருகிறது? புகையும் கரித்தூளும் சேர்ந்து வருகின்றன. நேராக அடித்த வெளிச்சம் அவற்றில் பட்டு லென்ஸுக்கே திரும்பி வரும், படம் முழுக்க வெள்ளை மூட்டம். பக்கவாட்டில் ஒருவர் ஃபிளாஷைக் கையில் பிடிக்கட்டும். தள்ளி இருக்கும் ஃபிளாஷைக் கம்பி இல்லாமல் அடிக்க வைக்கும் வயர்லெஸ் டிரிக்கர் மதனிடம் இருக்கிறதே.

மதன்: ஃபிளாஷ் பிடிப்பவர் எவ்வளவு தூரத்தில் நிற்பது?

சித்தப்பா: உன் ஃபிளாஷின் கைடு நம்பர், அதாவது அதன் வீச்சைச் சொல்லும் எண், ஐஎஸ்ஓ 100-க்கு 40. அதை எஃப் எண்ணால் வகுத்தால் தூரம் வந்துவிடும். 40-ஐ 8-ஆல் வகுத்தால் 5 மீட்டர், அது முழு சக்தியில். பாதி சக்தியில் கைடு நம்பர் ஏறக்குறைய 28, தூரம் 3.5 மீட்டர். அவர் அங்கேயே நிற்கட்டும். அதைவிட நெருங்கினால் முகம் மறுபடி வெளுக்கும், பொறியும் மேலே தெறிக்கும்.

சித்தப்பா: இன்னொன்று. ஃபிளாஷ் வெளிச்சம் பகல் போல் வெள்ளை. நெருப்புக்குப் பக்கத்தில் அந்த வெள்ளை ஒட்டாது. ஃபிளாஷ் முகப்பில் இளம் ஆரஞ்சு ஜெல் தாள் ஒட்டி, கேமராவின் நிற அமைப்பான ஒயிட் பேலன்ஸைப் பகல் வெளிச்சத்திலேயே விட்டுவிடு. முகத்தில் விழுவது அந்த நெருப்பின் ஒளியே என்று தோன்றும். தாள் கொஞ்சம் வெளிச்சத்தைத் தின்னும், சக்தியை ஒரு படி, அதாவது பாதியிலிருந்து முழுமைக்கு, ஏற்றிக்கொள்.

மதன்: ரியர் கர்ட்டன், அதாவது ஷட்டர் மூடுவதற்குச் சற்று முன் ஃபிளாஷ் அடிக்கும் முறை, வைக்க வேண்டுமா?

சித்தப்பா: நின்ற இடத்தில் சுற்றுபவனுக்குத் தேவையில்லை. தொடக்கத்திலேயே அடித்தால் நீ பார்த்த முகபாவம் அப்படியே கிடைக்கும், எனக்கு அதுதான் பிடிக்கும். கம்பி மத்தாப்போடு ஓடி வரும் பிள்ளைக்கு ரியர் வை. இல்லையென்றால் ஒளிக்கோடு அவனுக்கு முன்னால் விழுந்து, பின்னோக்கி ஓடுவது போல் இருக்கும்.

பெரிய அத்தை: என்னிடம் போன்தானே இருக்கிறது?

சித்தப்பா: அதிலும் எடுக்கலாம் அக்கா. ப்ரோ மோடில் 2 நொடி வைத்து, போனைத் திண்ணையில் சாய்த்து வையுங்கள். போனின் சொந்த ஃபிளாஷ் வேண்டாம். கவிதா பக்கத்தில் நின்று தன் போன் டார்ச்சை ஒரு கணம் போட்டு அணைக்கட்டும். சுற்றும் கை கலங்கித்தான் வரும், ஆனால் முகத்தை அசைக்காமல் நின்றால் முகம் தெளிவாக விழும்.

கவிதா: சரி சித்தப்பா. சின்னவனிடம் சொல்லிவிட்டேன், இப்போதே தரையில் கோடு போட்டுக்கொண்டிருக்கிறான்.

சித்தப்பா: நாளை ஒரு வாளித் தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும். ஃபிளாஷுக்குப் புது பேட்டரி இருக்கிறதா?

மதன்: நான்கு வாங்கி வருகிறேன்.

சித்தப்பா: எட்டாக வாங்கு.