கார் செற்றுக்குப் போன் டேட்டா விடுறதுக்கு ஒரு தமிழ்ச்சொல் வேணும் (ஹொட்ஸ்பொட்டுக்குச் சொல்லுற "பகிரலை" சரிவராது)

வணக்கம் எல்லாருக்கும்,

போன சனிக்கிழமை அம்மாவைக் கண்டிக்குக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போகவேண்டியிருந்தது, அதுக்கு முதல்நாள் இரவு எட்டுமணி தொடக்கம் பதினொண்டரை மட்டும் கார் செற்றுக்கு (பாட்டும் றோட்டுப் படமும் போடுற ஸ்கிரீன் பெட்டி) நெற் எடுக்கிறன் எண்டு மல்லுக்கட்டினன், அந்த எரிச்சல் ஆறமுதல் எழுதுறன், பிழை இருந்தாப் பொறுங்கோ.

கார் ஜப்பானில பாவிச்சு வந்த ரெக்கண்டிஷன். அதோட வந்த நவிகேஷன் செற் எப்பிடியெண்டு உங்களில கனபேருக்குத் தெரியும், முழுக்க ஜப்பான் எழுத்து, றோட்டுப் படமும் ஜப்பானுக்கு மட்டும்தான், பற்றரி வயரை ஒருக்காக் கழட்டினாக் காணும் கோட் நம்பர் கேட்டுக்கொண்டு பூட்டிப்போட்டு நிக்கும், ரேடியோ கூட அங்கத்தைய 76 தொடக்கம் 90 மட்டும்தான் பிடிக்கும், எங்கட ஸ்ரேஷன்களில கனக்க 90க்கு மேல. அதுக்குள்ள இருக்கிற டேட்டா மொடமும் ஜப்பான் நெற்வேர்க்குக்கெண்டு செய்தது, இஞ்ச எங்கட சிம்மைப் போட்டு ஓட்டுற கதை இல்லை. பழசுகள் அங்கயே படுத்திட்டுது எண்டும் வைக்கலாம், கேடிடிஐ எண்ட ஜப்பான் போன் கம்பனி 2022 மார்ச் 31ஓட 3ஜியை நிப்பாட்டிப்போட்டான். சரியெண்டு அதைக் கழட்டிப்போட்டு அன்ட்ரொயிட் பிளேயர் ஒண்டு போட்டன்.

பூட்டின தம்பி "ஹொட்ஸ்பொட் போடுங்கோ அண்ணை, எல்லாம் வரும்" எண்டிட்டுப் போட்டான். வரேல்லை. கோல் எடுத்தன்.

"கனெக்ட் பண்ணீட்டிங்களோ?"
"ஓம், கனெக்ட் எண்டுதான் காட்டுது."
"அப்ப வரவேணுமே."
"வரேல்லையே தம்பி."

இப்பிடியே முக்கால் மணித்தியாலம். கடைசியில பாத்தா நான் சொன்ன கனெக்ட் புளூடூத், அவன் சொன்ன கனெக்ட் வைஃபை. புளூடூத்தில கோல் வரும், பாட்டு வரும், ஆனா நெற் போறதுக்கு அதுக்குள்ளயே வேற ஒரு கதவு, அதைப் போன்ல தனியத் திறக்கவேணும். (பழைய ஃபக்ரரி நவிகளில சிலது இன்னும் *99# அடிச்சு டயல் பண்ணுற காலத்து முறையைக் கேக்கும், இப்பத்தைய போன்கள் அனேகமா அதைக் குடுக்காது, அதால எத்தினை தரம் கனெக்ட் பண்ணினாலும் பாட்டு மட்டும்தான்.) பிறகு வைஃபையில போட்டா "இணையம் இல்லை" எண்டுது. அதுக்கு இன்னொரு மணித்தியாலம். போன்ல நெற் இருக்கு, செற்றில வைஃபை முழுக்கோடு காட்டுது, ஆனா ஒண்டும் திறக்காது. தற்செயலா மேல மூலையைப் பாத்தன், செற்றில திகதி 2015 ஜனவரி 1. பற்றரியைக் கழட்டிப் பூட்டினதில மணிக்கூடு பின்னுக்குப் போட்டுது, கார் தகரக் கொட்டிலுக்குள்ள நிண்டதால ஜிபிஎஸ்ஸில இருந்து நேரம் எடுக்கவும் ஏலாது. திகதி பிழையெண்டா இணையத்தளங்களின்ர பாதுகாப்புச் சான்றிதழ் ஒண்டையும் செற் நம்பாது, நெற் வந்தும் வராத மாதிரித்தான். திகதியை மாத்தினன், டக்கெண்டு படம் விரிஞ்சுது, நிலாவெளி றோட்டு வரைக்கும் தெரிஞ்சுது.

இதை ஏன் நீட்டுறனெண்டா, திகதிப் பிரச்சினையைப் பிழை சொல்லேலாது, ஆனா அந்த முதல் முக்கால் மணித்தியாலம் சுத்தமாச் சொல் இல்லாததாலதான் போனது. போன் தன்ர டேட்டாவை இன்னொரு கருவிக்கு விடுறது, ஆங்கிலத்தில டெதரிங், இதுக்கு எங்களிட்டை என்ன இருக்கு?

"பகிரலை" எண்டு வட்ஸப்பில சுத்துற பட்டியலில ஒண்டு இருக்கு, வைஃபைக்கு அருகலை, புளூடூத்துக்கு ஊடலை, ஹொட்ஸ்பொட்டுக்குப் பகிரலை எண்டு வரிசையா. அருகலை எனக்குப் பிடிக்கும். பகிரலை எண்டு தமிழ்நாட்டுத் தம்பி ஒருத்தருக்குச் சொன்னா "ஏன் பகிரலை?" எண்டு திருப்பிக் கேப்பார், பகிரவில்லை எண்டுதான் அவருக்குக் காதில விழும். அதை விடுவம், யூஎஸ்பி வயரால குடுத்தா அதில அலை எங்க? மூண்டு வழியாலயும் குடுக்கலாம், வைஃபை, புளூடூத், யூஎஸ்பி, மூண்டுக்கும் பொதுவான சொல்தான் வேணும். "தொடுப்பு" எண்டு ஒருத்தர் முந்தி சொன்னவர், எங்கட ஊரில ஒராளுக்குத் தொடுப்பு இருக்கெண்டா வீட்டில சண்டை வரும். "தாம்பு" எண்டு மாட்டுக்கயிறை அப்பிடியே இழுத்துக்கொண்டு வரலாம், ஆனா டெதர் எண்ட கயிறு ஆங்கிலக்காரன் போனையும் கொம்பியூட்டரையும் வயரால கட்டின நேரம் அவனுக்கு வந்த நினைப்பு, இஞ்ச ஆரும் ஆரையும் கட்டேல்லை, நாங்கள் ஏன் அவன்ர கயிறைப் பிடிச்சுத் தொங்கவேணும்.

எனக்கு வேண்டியது ஒண்டுதான். சொல்லைக் கேட்டவுடன ஆர் குடுக்கிறது ஆர் எடுக்கிறது எண்டு விளங்கவேணும்.

திருகோணமலை உவர்மலையில இருந்து

———

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம்.

தம்பி நான் கிண்ணியாவில பிளேயர் பூட்டுற வேலைதான் செய்யிறன், கலைச்சொல்லெல்லாம் தெரியா, ஆனா வயசான ஆக்கள் வந்தா நான் சொல்லுறது இதுதான், "உங்கட போன்ல இருக்கிற நெற்றைக் கார் இரவல் எடுக்குது, நீங்க போன்ல இரவல் குடுக்க ஓம் சொன்னாத்தான் அது எடுக்கும்". ஒருத்தரும் திருப்பிக் கேட்டதில்ல, டக்கெண்டு விளங்கீரும்.

பின்ன, சில போன்ல கொஞ்ச நேரம் ஆரும் எடுக்காட்டி ஹொட்ஸ்பொட் தானா நிண்டிரும், காரை நிப்பாட்டிப் போட்டு விடிய வந்து ஸ்ராட் பண்ணினா நெற் இல்ல எண்டு கோல் வரும், அதுக்கு செற்றிங்ல ஒரு ஓஃப் இருக்கு. ஐபோன் புதுசுகள் 5 கிகாஹேர்ட்ஸில விடும், மலிவு பிளேயர் கனக்க 2.4 மட்டுந்தான் பிடிக்கும், ஐபோன் ஹொட்ஸ்பொட் பக்கத்தில பொருந்துற மாதிரி மாத்த ஒரு சுவிட்ச் இருக்கு, அதைப் போட்டாச் சரி.

நவிகேஷனுக்கு "பாதைகாட்டி" எண்டு மட்டும் வச்சிராதீங்க. எங்கட ஊரில பாதை எண்டா களப்பைக் கடக்கிற ஃபெரி. 2009ல 396 மீற்றர் பாலம் திறந்தாப்பிறகுதான் பாதையை விட்டம். பழைய படம் ஏத்தின செற் ஒண்டில இன்னமும் எங்கட ஊருக்குப் பாதை காட்டுது, பாதைகாட்டி எண்டா அதுக்குத்தான் சரி.

———

நண்பர்களுக்கு வணக்கம்.

கிண்ணியா அன்பரின் அனுபவத்தை மதிக்கிறேன். ஆயினும் 'இரவல்' என்பது 'இர' என்னும் வேரிலிருந்து பிறந்தது. இரத்தல், இரப்பு, இரவலன் எல்லாம் அதன் உறவுகள். ஒருவர் காசு கொடுத்து வாங்கிய காரைக் கையேந்த வைக்க வேண்டுமா? மேலும், இரவல் வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். செலவழிந்த டேட்டாவைக் கார் எப்படித் திருப்பிக் கொடுக்கும்? 'தரவூட்டம்' என்று வைக்கலாம். பசு கன்றுக்கு ஊட்டுவதுபோல் தொலைபேசி காருக்கு ஊட்டுகிறது. கொடுப்பவர் யார், பெறுபவர் யார் என்ற தம்பியின் கேள்விக்கும் அதில் விடை இருக்கிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இரவலையும் தரவையும் புணர்த்தினால் 'இரவற்றரவு' என்று வரும். படிப்பவர் இரவு அற்ற அரவு என்று பிரித்துப் பாம்பைத் தேடுவார்.

———

மாஸ்ரர், இரவற்றரவுக்கு வாய்விட்டுச் சிரிச்சன், மனிசி எட்டிப் பாத்தவ. அந்தப் பாம்பு வேண்டாம், "இரவலிணைப்பு" எண்டு இணைப்போட சேத்தா லகரம் உருமாறாது, கடியும் இல்லை.

இனி இரவல் கேவலமோ எண்ட கதை. வேரைப் பாத்தா நீங்கள் சொல்லுறது சரி, ஆனா எங்கட சனம் இரவலை அப்பிடி நினைச்சுச் சொல்லுறேல்லை. பக்கத்து வீட்டில உலக்கை இரவல், கலியாணவீட்டுக்குக் கதிரை இரவல், சங்கிலி இரவல் போட்டுக்கொண்டு படம் எடுத்த ஆக்கள் எங்கட குடும்பத்திலயே இருக்கினம், ஒருத்தரும் அதைப் பிச்சை எண்டேல்லை. காசெண்டாத்தான் கைமாத்து எண்டு வேற சொல். திருப்பிக் குடுக்கிற கதைக்கு எனக்குப் படுறது, கார் இரவல் எடுக்கிறது டேட்டாவை இல்லை, போன்ர இணைப்பை. ஓஃப் பண்ணின உடன இணைப்புத் திரும்பிவந்திடும். இடையில செலவழிஞ்சது, காரை இரவல் குடுத்தாப் பெற்றோல் குறைஞ்சு வாற மாதிரி.

ஊட்டம் வடிவான சொல்தான், ஆனா கன்று எவ்வளவு குடிச்சாலும் பசு கணக்குப் பாக்காது. இஞ்ச கணக்குத்தான் பிரச்சினை. கண்டிப் பயணத்தில என்ன நடந்ததெண்டா, கந்தளாய் தாண்டமுதலே போனுக்கு மெசேஜ், டேட்டா முடியுது எண்டு. நான் நவிகேஷன் மட்டும்தான் போட்டனான், அது அவ்வளவு தின்னாது. பாத்தா பிளேயர் தன்ர பாட்டுக்கு அப்ஸ் முழுக்க அப்டேற் பண்ணிக்கொண்டிருக்கு. அதுக்கு அது வைஃபை, வைஃபையெண்டா வீட்டு நெற், சும்மா வாறது எண்டு நினைச்சிட்டுது. செற்றின்ர வைஃபை செற்றிங்ல அந்த ஹொட்ஸ்பொட்டைக் காசுக்கு அளந்து வாறது எண்டு குறிச்சு விட்டாப்பிறகுதான் அடங்கினது, ஹபரணையில நிப்பாட்டி ரீலோட் பண்ணினதும் தனிக்கதை. பகிர்வு எண்டா பாதி எனக்கும் சொந்தம் எண்ட மாதிரி, ஊட்டம் எண்டா உரிமை மாதிரி, இரவல் எண்டா ஆற்றையோ பொருள் பாத்துப் பாவிக்கவேணும் எண்டு சொல்லுக்குள்ளயே கிடக்கு.

அதோட இரவல் குடு, இரவல் எடு எண்டு இரண்டு பக்கத்துக்கும் வினை இருக்கு. "போன்ல இரவல் குடுத்தாச்சோ, செற்றில இரவல் எடுத்தாச்சோ?" இதை அண்டைக்கு அந்தத் தம்பி கேட்டிருந்தா நான் புளூடூத்தைக் காட்டி ஓம் சொல்லியிருக்க மாட்டன்.

———

அண்ணாமாருக்கு வணக்கம், நான் ஸ்கூல்ல ஐசிடி படிப்பிக்கிறன், பிள்ளைகளிட்டக் கேட்டுப் பாத்தன், இரவல் நெற் எண்டு உடன பிடிச்சிட்டினம், ஒரு பொடியன் மட்டும் "மிஸ் பக்கத்து வீட்டு வைஃபை பாஸ்வேர்ட் எடுத்தா அதுவும் இரவலோ" எண்டான். அது கேள்விதான், ஆனா வீட்டு ரவுட்டரின்ர நெற் ரவுட்டருக்கெண்டே வாறது, போன் தன்ர சிம்முக்கெண்டு வந்ததை மற்றதுக்கு விடேக்கதான் இரவலிணைப்பு, இதை வரையறையில போடவேணும்.

அன்ட்ரொயிட் ஓட்டோவையும் கார்பிளேயையும் இதுக்குள்ள போடாதேங்கோ. அதில படமும் நெற்றும் போனுக்குள்ளதான் ஓடுது, கார் ஸ்கிரீன் காட்டுறதும் தொடுறதை வாங்கிறதும்தான், செற்றுக்கு நெற் போகவே தேவையில்லை. அதுக்கு வேற சொல் தேடுவம். சிம் நேர செற்றிலயே போட்டாலும் இரவல் இல்லை, அது சொந்த இணைப்பு, அங்க ஏபிஎன் (சிம் கம்பனியின்ர நெற்றுக்குப் போற வாசலின்ர பெயர்) அடிக்கிறது மட்டும்தான் சிக்கல், சில செற்றில அது தானா வராது, கம்பனி சொன்னபடி ஒரு எழுத்துப் பிசகாம அடிக்கவேணும். ஏபிஎன்னுக்கு அக்ஸஸ் எண்டதுக்கு எங்கட பாடப்புத்தகத்தில இருக்கிற "பெறுவழி"யை வச்சு "பெறுவழிப் பெயர்" எண்டு சொல்லிப் பாக்கலாமோ?

மற்றது அந்தப் பட்டியலில ஓஃப்லைனுக்கு "முடக்கலை" எண்டு இருக்கு, அதையும் இந்தச் சாட்டில தூக்கவேணும். நெற் இல்லாட்டியும் ஜிபிஎஸ் முடங்காது, ஏறக்குறைய 20,200 கிலோமீற்றர் மேல இருக்கிற செய்மதி அனுப்புறதைச் செற் வாங்கிறது மட்டும்தான், நாலு செய்மதி பிடிபட்டா நிக்கிற இடம் தெரிஞ்சிடும். நெற் வேண்டியது படத்துக்கும் றோட்டு நெரிசலுக்கும். ஹபரணைக் காட்டுக்குள்ள சிக்னல் விழேக்கயும் முதலே இறக்கி வச்ச படத்தில அம்புக்குறி ஓடிக்கொண்டுதான் இருக்கும், முடங்கினது எங்க?

———

தங்கச்சி சொன்ன ரெண்டையும் சேத்து இப்பிடி எழுதிப் பாத்தன், திருத்துங்கோ.

இரவலிணைப்பு: சிம் உள்ள ஒரு கருவி தன்ர செல்லிட இணைப்பை இன்னொரு கருவி பாவிக்க விடுறது. வைஃபை, புளூடூத், யூஎஸ்பி எதாலயும் இருக்கலாம். குடுக்கிறது இரவல்தரு கருவி, எடுக்கிறது இரவல்பெறு கருவி.

அந்தக் கடைசி ரெண்டும் எனக்கே கொஞ்சம் துருத்துது, பேச்சில ஒருத்தரும் சொல்லப்போறேல்லை. முடக்கலையைத் தூக்கிறதுக்கு என்ர வோட்டு. "பெறுவழிப் பெயர்" வேற இழையில கதைப்பம், இதுக்குள்ள போட்டா ரெண்டும் கெட்டுப்போம். நானா, அடுத்த கிழமை கடைக்கு வாறன், யூஎஸ்பியால இரவல் எடுத்தா என்ர செற் போனைப் பாட்டுப் பெட்டி எண்டு நினைக்குது, அதை ஒருக்காப் பாக்கவேணும்.

———

வாங்க தம்பி, யூஎஸ்பி வயர் ரெண்டு வரும் அந்த பிளேயருக்கு, பூட்டின ஆள் ஒண்டை டாஷ்போர்ட்டுக்குள்ளயே விட்டிருப்பான், மற்றதில போட்டுப் பாப்பம். நேத்து ஒரு ஹாஜியார் வந்தாரு, நான் வாய் திறக்க முதல் அவரே கேக்குறாரு, "மகன், இதுக்கு நெற் இரவலா சொந்தமா?"

———

சரி, ஊட்டத்தை மீளப் பெற்றுக்கொள்கிறேன். இரவல்தரு, இரவல்பெறு இரண்டும் இலக்கணப்படி சரிதான், துருத்தினால் துருத்தட்டும். ஆனால் 'இரவலிணைப்பு' என்பதைச் சேர்த்தே எழுதுங்கள். யாராவது இடைவெளி விட்டு எழுதினால் அடுத்த வாரமும் நீண்ட மடல் வரும்.