போஸ் கொடுத்து எடுத்த படம் ஆவணம் ஆகுமா? மில்டன் ரொகோவினை முன்வைத்து

வடகரை:
மில்டன் ரொகோவின்தான் போன நூற்றாண்டின் மிக நேர்மையான ஆவணப் புகைப்படக்காரர் என்று தோழர் செந்தாழை இன்னொரு இழையில் எழுதியிருந்தார். எனக்கு அதில் உடன்பாடில்லை, அதனால் தனியாகவே தொடங்குகிறேன்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: ரொகோவின் 1909-ல் பிறந்தவர். அமெரிக்காவின் பஃபலோ நகரத்தில் கண் பரிசோதித்துக் கண்ணாடி கொடுத்துவந்தவர். ஐம்பது வயதை நெருங்கும்போதுதான் கேமராவை முழுமூச்சாகக் கையில் எடுத்தார். ஏழைகளையும் தொழிலாளர்களையும் தவிர வேறு யாரையும் எடுக்கவில்லை என்றே சொல்லலாம். 2011-ல், 101 வயதில் காலமானார்.

அவர் மனிதராக நல்லவர் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் படங்களைப் பாருங்கள். எல்லோரும் கேமராவை நேராகப் பார்த்து நிற்கிறார்கள். தலை வாரி, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு. ஆலைகள் மூடி வேலை போய்க்கொண்டிருந்த ஊர் அது. அந்த அடி எங்கே? அன்றாட வாழ்க்கை என்பது கேமராவைக் கவனிக்காதபோது நடப்பது. கவனித்த நொடியில் அது உருவப்படம் ஆகிவிடுகிறது. ஸ்டுடியோவில் எடுப்பதற்கும் இதற்கும் என்ன பெரிய வித்தியாசம்?

செந்தாழை:
வித்தியாசம் இருக்கிறது தோழர். ஸ்டுடியோவில் நாற்காலி, திரை, நிற்கும் விதம் எல்லாம் ஸ்டுடியோக்காரர் முடிவு. ரொகோவின் எப்படி நிற்க வேண்டும் என்று யாரிடமும் சொல்லவில்லை. எங்கே நிற்பது, யாரோடு நிற்பது, எதைக் கையில் பிடிப்பது என்று அவர்களே முடிவு செய்தார்கள். தன்னை ஊர் எப்படிப் பார்க்கவேண்டும் என்று ஒருவர் நினைப்பதும் அவர் வாழ்க்கையில் உள்ள உண்மைதானே?

அந்த மரியாதை அவருக்கு எங்கிருந்து வந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். 1957-ல் கம்யூனிஸ்டுகளைத் தேடிப்பிடித்த நாடாளுமன்ற விசாரணைக் குழு அவரைக் கூப்பிட்டது. பதில் சொல்ல மறுத்தார். பஃபலோவின் தலைமைக் கம்யூனிஸ்ட் (டாப் ரெட்) என்று உள்ளூர்ப் பத்திரிகை தலைப்புப் போட்டது. கண்ணாடி வாங்க வந்தவர்கள் வராமல் போனார்கள். மூன்று பிள்ளைகள் உள்ள வீடு மனைவி ஆன் ஆசிரியராக வாங்கிய சம்பளத்தில்தான் ஓடியது. தன் அனுமதி இல்லாமல் அடுத்தவர் தன்னைப் படம் பிடித்துக் காட்டினால் என்ன ஆகும் என்று பட்டுத் தெரிந்தவர் அவர்.

அதற்கு அடுத்த ஆண்டு, இசைப் பேராசிரியர் வில்லியம் டால்மட்ஜ் கறுப்பின மக்களின் சிறு தேவாலயங்களில் பாட்டுகளை ஒலிப்பதிவு செய்துகொண்டிருந்தார். கடை அறைகளையே தேவாலயம் ஆக்கியிருந்தார்கள். அவர் கூப்பிட்டுத்தான் ரொகோவின் அங்கே போனார். அந்தப் படங்கள் 1962-ல் அபர்ச்சர் புகைப்பட இதழில், கறுப்பின உரிமைக்காகப் போராடிய அறிஞர் டு போய்ஸின் முன்னுரையோடு வந்தன. வாய் பேச முடியாமல் செய்தார்கள், படத்தால் பேச ஆரம்பித்தார்.

ஒளிவட்டம்:
கேமராவைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன். அவர் வைத்திருந்தது ரோலிஃபிளெக்ஸ், இரட்டை லென்ஸ். அதைக் கண்ணில் வைத்துப் பார்க்க மாட்டார்கள். நெஞ்சுக்குக் கீழே பிடித்து, மேலேயிருந்து குனிந்து கண்ணாடித் திரையைப் பார்த்து ஃபோகஸ் செய்யவேண்டும். நிமிர்ந்தால் முகத்துக்கு முகம். எடுப்பவர் முகத்தை மறைக்க அதில் வழியில்லை. சிறிய லைக்கா கேமராவை வைத்துக்கொண்டு தெருமுனையில் சட்டென்று தட்டிவிட்டுப் போகும் வேலையே வேறு. தெரியாமல் எடுக்கவேண்டும் என்று நினைப்பவர் இந்த வேலைக்கு ரோலியைத் தேர்ந்தெடுக்க மாட்டார்.

வடகரை:
கருவி விளக்கத்துக்கு நன்றி. ஆனால் என் இரண்டாவது கேள்வி இன்னும் கனமானது. பெயர் எங்கே? பஃபலோவின் லோயர் வெஸ்ட் சைட் பகுதியில் 1972-லிருந்து எடுத்த படங்களில் பெயரை அவர் குறித்துக்கொள்ளவில்லை. 1999-ல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் அவர் சேகரிப்பை வாங்கி வைத்தது. எடுத்தவர் பெயர் நிலைத்தது, நின்றவர் பெயர் நிலைக்கவில்லை.

புகைப்படக்காரர் டோரதியா லேங் கதை எல்லோருக்கும் தெரியும். 1936-ல் கலிபோர்னியாவின் நிபோமோவில், பட்டாணி பறிக்க வந்தவர்கள் முகாமில் ஒரு தாயை எடுத்தார். பெயர் கேட்கவில்லை. பத்திரிகையில் படம் வந்ததும் முகாமுக்கு ஒன்பது டன் அளவில் உணவு போனது, ஆனால் அந்தக் குடும்பம் அதற்குள் கிளம்பிவிட்டிருந்தது. அந்தத் தாய் ஃப்ளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்பது 1978-ல்தான் ஊருக்குத் தெரிந்தது. இந்தப் படத்தால் ஒரு காசு வரவில்லை, எடுக்காமலே இருந்திருக்கலாம் என்று அவரே வருத்தப்பட்டார். ரொகோவின் செய்ததும் இதேதான், கொஞ்சம் கனிவோடு. அவ்வளவுதான் வேறுபாடு.

செந்தாழை:
இல்லை, இதில் உங்களோடு கடுமையாகவே மாறுபடுகிறேன். லேங் அந்தத் தாயைப் பிறகு பார்க்கவே இல்லை. ரொகோவின் திரும்பத் திரும்பப் போனார்.

லோயர் வெஸ்ட் சைட் அவர் கண் பரிசோதனை அறைக்குப் பக்கத்துத் தெருக்கள்தான். போலீஸ் ஆளோ என்று முதலில் அந்த மக்கள் சந்தேகப்பட்டார்கள். எடுத்த படத்தைப் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய் இலவசமாகக் கொடுத்த பிறகுதான் கதவுகள் திறந்தன. 1980-களின் நடுவில் அதே ஆட்களைத் தேடிப் போனார். 1992-ல் மறுபடி. 2000-த்தில் தொண்ணூறு வயதில் மறுபடி. பெயர் இல்லை என்றீர்களே, பழைய பிரிண்டுகளை எடுத்துக்கொண்டு, இவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று தெருத்தெருவாகக் காட்டிக் கேட்டுக் கண்டுபிடித்தார்கள். ஆன் கூடவே போனார்.

ஒரே ஆட்களின் நான்கு காலத்துச் சதுரப் படங்கள் பக்கத்தில் பக்கத்தில் வரும்போது பாருங்கள். முதல் படத்தில் மடியில் இருந்த குழந்தை பின்னால் வளர்ந்து நிற்கிறது. தோளில் கைபோட்டு நின்றவர் அடுத்த படத்தில் இல்லை. ஏன் இல்லை என்று படம் சொல்லாது, ஆனால் அந்த இடம் காலியாக இருப்பது கண்ணுக்குத் தெரியும். நீங்கள் கேட்ட அடி அங்கேதான் இருக்கிறது. போஸ் கொடுத்தவர்களே முப்பது வருடம் கழித்து மறுபடி போஸ் கொடுக்கிறார்கள். அந்த நம்பிக்கையை எந்த மறைமுகப் படம் காட்டும்?

முத்துச்சிப்பி:
இரண்டு பேருமே தெருப் படங்களிலேயே நிற்கிறீர்கள். எனக்கு அவரிடம் பெரிதாகத் தெரிவது 1970-களின் பிற்பகுதியில் தொடங்கிய ஆலைத் தொழிலாளர் வரிசை. ஒரே ஆளுக்கு இரண்டு படம். ஒன்றில் உலைப் பக்கம், ஹெல்மெட், பாதுகாப்புக் கண்ணாடி, முகமெல்லாம் கரி. இன்னொன்றில் அதே ஆள் வீட்டில், சோபா, சுவரில் மாட்டிய படங்கள், பிள்ளைகள். ஆலைப் படத்தில் பெண் என்றே அடையாளம் தெரியாதவர் வீட்டில் வேறொரு மனிதராக இருக்கிறார். தொழிலாளி என்ற சொல்லோடு நாம் நிறுத்திவிடுகிற ஆளுக்கு மாலை ஆறு மணிக்குப் பிறகும் ஒரு வாழ்க்கை உண்டு என்று இரண்டே படத்தில் காட்டிவிட்டார்.

அப்புறம், வடகரை அண்ணே, பெயரும் குரலும் இல்லை என்பது இங்கே செல்லாது. வரலாற்றாய்வாளர் மைக்கேல் ஃபிரிஷ் அந்த எஃகுத் தொழிலாளர்களிடம் நீண்ட பேட்டி எடுத்தார். 1993-ல் படமும் பேட்டியும் ஒரே புத்தகமாக வந்தன. ஆலை மூடியது தங்களை என்ன செய்தது என்று அவர்களே அதில் பேசுகிறார்கள்.

வடகரை:
அந்தப் புத்தகம் என் வாதத்துக்குத்தான் வலு சேர்க்கிறது தம்பி. படம் மட்டும் போதாது, பேச்சு வேண்டும் என்பதால்தானே ஃபிரிஷ் தேவைப்பட்டார்? திரும்பிப் போனது பெரிய விஷயம், அதை மறுக்கவில்லை. ஆனால் ஆலையை மூடியவர்கள் முகம் அவர் படம் எதிலும் இல்லை. பாதிக்கப்பட்டவரின் கண்ணியத்தை மட்டும் காட்டிக்கொண்டே இருந்தால், பார்ப்பவருக்கு மனம் இளகும், கோபம் வராது. எனக்கு ஆவணம் என்றால் கோபமும் வரவேண்டும்.

செந்தாழை:
பணக்காரர்களை எடுக்க வேறு ஆட்கள் இருக்கிறார்கள் என்பது அவரே தெரிந்து எடுத்த முடிவு. சிலியில் கவிஞர் நெரூடா காட்டிய சிலோவே தீவுக்குப் போனபோதும், பல நாட்டுச் சுரங்கங்களுக்குப் போனபோதும் அதை அவர் மாற்றிக்கொள்ளவில்லை. கோபம் வரவில்லை என்கிறீர்கள். அந்த நான்கு படங்களில் ஒருவர் காணாமல் போவதைப் பார்த்து எனக்கு வந்தது கோபம்தான். ஆலைப் படங்களைத் தனியாக இன்னொரு இழையில் வைத்துக்கொள்வோம், சுரங்கப் படங்களையும் சேர்த்து. முத்துச்சிப்பி, நீங்களே தொடங்குங்கள்.