நாலாம் மாடி மேடத்துக்குப் பொன்னாடை

(உகாண்டாவின் கம்பாலா, காம்பவுண்டுத் தமிழர் குழு)

செயலாளர்: வணக்கம். நாலாம் மாடியில் இருக்கும் பத்திரிகையாளர் மேடத்துக்குக் கல்விச் செய்திக்கான விருது கிடைத்திருக்கிறது. ஞாயிறு பொங்கல் விழாவிலேயே பாராட்டிவிடலாமா?

3பி மாமி: எந்த மேடம்? நாய் வைத்திருக்கிறாங்களே, அவங்களா

செயலாளர்: அவரேதான்

ஃபேக்டரி தம்பி: விருதுன்னா எவ்வளவு தருவாங்க

செயலாளர்: காசை விடுங்கள் தம்பி. ஆப்பிரிக்காவில் கல்விச் செய்திக்கென்றே 2001-ல் ஒரு விருது வந்தது, அடியா என்ற கல்வி அமைப்பு தொடங்கியது, பிறகு அகின்டோலா ஃபதோயின்போ என்பவர் பெயரை வைத்தார்கள், ஆங்கிலத்துக்குத் தனி, பிரெஞ்சுக்குத் தனி. மேடம் வாங்கியது அது இல்லை, வேறு. ஆனால் இந்த வேலையின் அருமை இந்த ஊருக்குத்தான் தெரியும். 1991-லிருந்து 95 வரை இங்கே பள்ளிகளுக்கு அரசு அனுப்பிய மானியத்தில் சராசரி 13 சதவீதம்தான் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்ததாம். அப்புறம் எந்த மாவட்டத்துக்கு எவ்வளவு அனுப்பினோம் என்று பேப்பரில் போட ஆரம்பித்தார்கள். 2001-ல் அது 80-ஐத் தாண்டிவிட்டது!

3பி மாமி: 👏

2ஏ ஆடிட்டர்: பேப்பரில் போட்டதால் மட்டும் என்று சொல்ல முடியாது சார். நிர்வாகத்தையும் அதே சமயத்தில் மாற்றினார்கள்

செயலாளர்: கணக்கைப் பத்துப் பேர் பார்க்கிற இடத்தில் ஒட்டினால் திருட்டு குறையும், அவ்வளவுதான் சொன்னேன்

2ஏ ஆடிட்டர்: தீபாவளிக் கணக்கைச் சொல்கிறீர்களா?

ஃபேக்டரி தம்பி: 🍿

செயலாளர்: ஐயோ சார், நான் உகாண்டாவைச் சொன்னேன்

மெடிக்கல் அண்ணன்: மேடம் எதை எழுதி வாங்கினாங்க?

செயலாளர்: கொரோனாவில் மூடிய பள்ளிகளை இங்கே 2022 ஜனவரியில்தானே முழுசாகத் திறந்தார்கள், 83 வாரம், உலகத்திலேயே அதிகம். திரும்பி வராத பிள்ளைகளைத் தேடி ஊர் ஊராகப் போய் எழுதினார். பல பெண் பிள்ளைகள் கையில் குழந்தை

3பி மாமி: பாவம் 😔 அப்ப என் பேரன் டேப்லெட்டில் படிச்சான், கண்ணாடிதான் மிச்சம்

மெடிக்கல் அண்ணன்: இன்னொன்றும் எழுதினாங்களே, நம்ம பசங்க பள்ளியைப் பற்றி. டெர்முக்கு டெர்ம் துடைப்பம், டாய்லெட் ரோல், பேப்பர் கட்டு எல்லாம் பெற்றோர் தலையில் கட்டுவதை. என் முதலாளிக்கு அந்தப் பள்ளியில் பங்கு இருக்கு. பாராட்டுங்க, போட்டோவில் நான் வேண்டாம்

3பி மாமி: எழுதினது சரிதானே. பிப்ரவரிக்கு லிஸ்ட் வந்தாச்சு, மறுபடி 2 துடைப்பம். நான் வந்து நின்னுக்கிறேன் போட்டோவில்

ஃபேக்டரி தம்பி: பொன்னாடை இருக்கா?

செயலாளர்: தீபாவளிக்கு 2 வாங்கினோம், ஒன்றுதான் போட்டோம். இன்னொன்று 2ஏ-வில் இருக்கும்

2ஏ ஆடிட்டர்: என் வீட்டில் இல்லை. பில் கொடுத்தாச்சு, மீதி 40,000 ஷில்லிங்கும் கொடுத்தாச்சு

செயலாளர்: யாரும் கணக்குக் கேட்கவில்லை சார்

2ஏ ஆடிட்டர்: கேட்காமலே கேட்கிறது புரியுது

3பி மாமி: சண்டையை அப்புறம் வைங்க. பொங்கலுக்கு வெல்லம் யார் கொண்டுவர்றீங்க? ஊர் வெல்லம் தீர்ந்துபோச்சு

ஃபேக்டரி தம்பி: இங்கே கிடைக்கிற வெல்லம், சுக்காலி ங்குரு, அதைப் போடலாமே ஆன்ட்டி

3பி மாமி: போன வருஷம் போட்டு என்ன கலரில் வந்தது என்று மறந்துபோச்சா

மெடிக்கல் அண்ணன்: அதுசரி, ஞாயிறு வர முடியுமா என்று மேடத்திடம் யாராவது கேட்டீங்களா?

ஃபேக்டரி தம்பி: மேடம் வடக்கே குலு ஊருக்குப் போயிருக்காங்களாம், வாட்ச்மேன் ஆஸ்கரி சொன்னார். திங்கள்தான் திரும்புவாங்களாம்

செயலாளர்: போன் போட்டுப் பார்க்கிறேன். பொன்னாடையை எல்லோரும் அவரவர் பீரோவில் ஒரு தடவை பாருங்கள்

3பி மாமி: வெல்லம்???