படகு வயரிங்: கிரிம்ப் அடிப்பதா, சால்டர் வைப்பதா?

கோலிவாடா வயர்மேன்:
எல்லோருக்கும் வணக்கம். மும்பை சயான் கோலிவாடாவில் இருக்கிறேன். பதினோரு வருடமாக வீடு, கடை வயரிங் செய்கிறேன். படகில் கை வைப்பது இதுதான் முதல் தடவை. பாவுச்சா தக்கா படகுத்துறையில் ஒரு மீன்பிடிப் படகுக்கு முழு வயரிங்கையும் மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். மரப்படகு. 12 வோல்ட் பேட்டரி இரண்டைச் சேர்த்து 24 வோல்ட். மாஸ்ட் விளக்கு, பக்க விளக்குகள், விஎச்எஃப் (கடல் ரேடியோ), ஜிபிஎஸ், எக்கோ சவுண்டர் (ஒலியால் ஆழம் பார்க்கும் கருவி), பில்ஜ் பம்ப் (படகின் அடியில் சேரும் தண்ணீரை இறைப்பது) இரண்டு. ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் தடைக்காலம் என்பதால் படகு கரையில் நிற்கிறது.

பழைய வயரை உருவிப் பார்த்தேன். எல்லாமே முறுக்கி டேப் சுற்றிய ஜாயிண்ட். டேப்பை அவிழ்த்தால் உள்ளே பச்சைக் களிம்பு. அங்கிருந்து ஒரு அடி தள்ளி வெட்டினாலும் செம்பு கறுத்துத்தான் இருக்கிறது. போன மார்ச்சில் நடுக்கடலில் ராத்திரி பில்ஜ் பம்ப் நின்றுபோய், கலாசிகள் (படகில் வேலை செய்கிறவர்கள்) விடியும்வரை வாளியால் தண்ணீர் இறைத்தார்களாம். தாண்டேல் (படகின் தலைவர், நம் தூத்துக்குடித் தோணியில் தண்டல் என்பார்களே, அவர்தான்) இதைச் சொன்னதிலிருந்து எனக்கு அதே நினைப்பு.

வயர் நுனியில் லக் (குழாய் உள்ள செம்பு முனை) வைத்துக் கருவியால் அழுத்திக் கிரிம்ப் அடிப்பதா, ஈயத்தை உருக்கிச் சால்டர் வைப்பதா? கிரிம்ப் என்றால் எந்தக் கருவி? லோஹார் சால் கடையில் ஒன்று சொல்கிறார்கள், நாக்தேவியில் வேறொன்று சொல்கிறார்கள்.

ஈயக்கோல்:
தம்பி, மாட்டுங்காவில் முப்பது வருஷம் ரேடியோவும் மோட்டாரும் பழுது பார்த்தவன் சொல்றேன். சால்டர் வை. கிரிம்ப்ங்கறது என்ன? குழாய்க்குள்ள வயரை விட்டு நசுக்கறது. இழைக்கும் இழைக்கும் நடுவுல சந்து இருக்கும். உப்புக்காத்து அந்தச் சந்துலதான் போய் உட்காரும். ஈயம் ஓடினா சந்தே இல்லை, எல்லாம் ஒரே உலோகம். நசுக்கின லக் கையோட கழண்டு வந்ததை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கேன். ஒழுங்கா ரோசின் பிசின் போட்டு வெச்ச சால்டர் அப்படி வந்ததில்லை.

செம்பூர் மாலுமி:
ஈயக்கோல் ஐயாவின் கைவேலை மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் ரேடியோ மேசை மேல் இருக்கிறது, படகு இன்ஜின் மேல் இருக்கிறது. கப்பலில் எலக்ட்ரிகல் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். சால்டர் வைக்கும்போது ஈயம் வயரின் இழைகளுக்குள் ஏறிப்போகிறது, திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி. அது எங்கே நிற்கிறதோ அதுவரை வயர் கம்பியாகிவிடும், அதற்கு அப்பால் வளையும். இன்ஜின் அதிர்வு முழுக்க அந்த ஒரு கோட்டில் விழும். இழை ஒவ்வொன்றாக அங்கேதான் அறுபடும். வெளியே பார்த்தால் இன்சுலேஷன் முழுசாக இருக்கும்.

அமெரிக்கப் படகு, யாட் கவுன்சிலின் இ-11 விதிமுறை இதற்காகவே, எந்தச் சர்க்கியூட்டிலும் சால்டர் மட்டுமே இணைப்பைத் தாங்கி நிற்கக் கூடாது என்கிறது. பேட்டரி லக்குக்கு மட்டும் ஒரு நிபந்தனையோடு விலக்கு உண்டு. நான் அதையும் பயன்படுத்த மாட்டேன். கணக்குப் பாருங்கள். ஸ்டார்ட்டர் 300 ஆம்பியர் இழுக்கும்போது லக்கில் ஆயிரத்தில் ஒரு ஓம் தடை இருந்தாலே 90 வாட் சூடு. பலரும் வைத்திருக்கிற சால்டரிங் அயர்ன் 60 வாட்தான். 60/40 ஈயம் 183 டிகிரியில் இளகத் தொடங்கிவிடும். இன்ஜின் பிடிக்காமல் மறுபடி மறுபடி செல்ஃப் அடித்தால் லக் தானாகவே கழன்று விழக்கூடும்.

சந்து பற்றி ஐயா சொன்னது நசுக்கலுக்குப் பொருந்தும், கிரிம்ப்புக்குப் பொருந்தாது. சரியான டையில் (கிரிம்பர் வாயில் உள்ள அச்சு) சரியான லக்கை அழுத்தினால் வட்ட இழைகள் பக்கத்து இழையோடு நெருங்கி அறுகோணமாகவே ஆகிவிடும். குறுக்கே அறுத்துப் பார்த்தால் தேனடை மாதிரி இருக்கும், காற்று புக இடம் இருக்காது.

கோலிவாடா வயர்மேன்:
அப்படியானால் இரண்டையும் செய்யலாமா? முதலில் வயர் நுனியில் ஈயம் பூசிவிட்டு, பிறகு கிரிம்ப்?

செம்பூர் மாலுமி:
கூடவே கூடாது தம்பி. ஈயம் மெத்து. அழுத்தத்தில் மெல்ல மெல்ல நகர்ந்து கொடுத்துவிடும். இன்று இறுக்கமாக இருக்கும் லக் சில மாதத்தில் ஆடும்.

நாக்தேவி கடைப்பையன்:
நான் டூல்ஸ் கடையில் நிற்கிறவன். வருகிற பத்துப் பேரில் பாதிக்கு மேல் “ஒரு கிரிம்பர் கொடு” என்றுதான் கேட்பார்கள். எந்த லக்குக்கு என்று சொல்ல மாட்டார்கள். அங்கேயே பாதி ஜாயிண்ட் கெட்டுப்போகிறது.

வயரையும் வெட்டும், உரிக்கும், நசுக்கவும் செய்யும் அந்தத் தகடு பிளையரை வாங்காதீர்கள். அதில் உங்கள் கைபலம்தான் அளவு. காலையில் அடித்த கிரிம்ப் ஒரு மாதிரி, மாலையில் கை ஓய்ந்தபின் அடித்தது வேறு மாதிரி. ராட்செட் வாங்குங்கள். முழுசாக அழுத்தி முடிக்கிற வரைக்கும் வாயைத் திறக்காது. ஆனால் ராட்செட் என்பது பாதி விஷயம்தான், மீதி டை. சாதாரண பிளாஸ்டிக் மூடிய சிவப்பு, நீலம், மஞ்சள் லக்குகளுக்கான டை இரண்டு இடத்தில் அழுத்தும், ஒன்று செம்பை, இன்னொன்று இன்சுலேஷனை. அதையே ஹீட் ஷ்ரிங்க் லக்கில் (சூட்டில் சுருங்கி மூடிக்கொள்ளும் ஸ்லீவ், அதாவது உறை, உள்ளது) போட்டால் விளிம்பு ஸ்லீவைக் கிழித்துவிடும். சூடு காட்டியதும் அந்த ஓட்டை பெரிதாகும், தண்ணீர் உள்ளே போகும். அதற்கு விளிம்பு மழுங்கிய டை தனியாக உண்டு. மூடாத வெறும் லக்குக்குக் குழி விழுகிற டை. பற்றவைத்து மூடாத ஒட்டு உள்ள லக் என்றால், குழி அந்த ஒட்டின் மேல் விழக்கூடாது, எதிர்ப்பக்கம் விழ வேண்டும். ஒட்டின் மேல் அழுத்தினால் அது வாய் பிளந்துகொள்ளும்.

செம்பூர் அண்ணன் ஹீட் ஷ்ரிங்க் லக்தான் வாங்கச் சொல்வார் என்று நினைக்கிறேன். நான் மாற்றிச் சொல்வேன். வெள்ளீயம் பூசிய, உறை இல்லாத வெறும் செம்பு லக்கை வாங்கி அடியுங்கள், மேலே பசை உள்ள ஸ்லீவை ஏற்றிச் சுருக்குங்கள். கிரிம்ப் சரியா என்று கண்ணால் பார்த்த பிறகு மூடலாம். செலவும் குறைவு.

செம்பூர் மாலுமி:
கண்ணால் பார்க்கலாம் என்பது நியாயமான வாதம், மறுக்கவில்லை. ஆனால் இந்தப் படகில் இருநூறு இணைப்பாவது வரும். ஜூலை மழையில், கவிழ்ந்த கூடை மாதிரி உள்ள இன்ஜின் ரூமுக்குள் குனிந்துகொண்டு, ஒவ்வொன்றுக்கும் ஸ்லீவை முன்கூட்டியே வயரில் கோத்து வைக்க வேண்டும். ஒன்றை மறந்தால் வெட்டி மறுபடி செய்வதற்குப் பதில் டேப் சுற்றத்தான் கை போகும். நானே சுற்றியிருக்கிறேன். அதனால் சிறு வயர்களுக்கு ஹீட் ஷ்ரிங்க் லக், பேட்டரி கேபிளுக்கு வெறும் லக்கும் ஸ்லீவும் என்பேன். பேட்டரி லக்குக்கு ஹைட்ராலிக் கிரிம்பர் வேண்டும், அறுகோண டை. ஒரு படகுக்காக வாங்காதீர்கள், பேனல் போர்டு செய்கிறவர்களிடம் ஒரு நாளைக்குக் கேட்டு வாங்குங்கள்.

வெர்சோவா கரை:
நீங்கள் எல்லாரும் உல்லாசப் படகுக்குப் பேசுகிறீர்கள். டீசல் செலவும் ஐஸ் செலவும் போக மீனவன் கையில் என்ன மிஞ்சும்? வீட்டு வயரிலேயே இழுத்துவிட்டு, ஒவ்வொரு தடைக்காலத்திலும் மாற்றிக்கொண்டால் போதாதா? எங்கள் கரையில் அப்படித்தான் நடக்கிறது.

கோலிவாடா வயர்மேன்:
அண்ணே, இந்தப் படகிலும் அப்படித்தான் நடந்தது. பம்ப் தடைக்காலம் வரைக்கும் காத்திருக்கவில்லையே. மார்ச்சிலேயே நின்றுவிட்டதே.

வெர்சோவா கரை:
சரி தம்பி, அதற்குப் பதில் சொல்ல முடியாது. ஆனாலும் டின் கோட்டட் (வெள்ளீயம் பூசிய) வயர் முழுப் படகுக்கும் போட்டால் ஓனர் தாங்குவாரா என்று கேட்டுக்கொள்.

செம்பூர் மாலுமி:
முழுப் படகுக்கும் முடியாவிட்டால் பில்ஜ் பம்ப், மாஸ்ட் விளக்கு, விஎச்எஃப் மூன்றுக்கும் மட்டுமாவது வெள்ளீயம் பூசிய மெல்லிழை வயர். வெறும் செம்பில் நுனியில் ஈரம் பட்டால் இழைகளின் நடுவே உள்ளே இழுத்துக்கொண்டு போகும். நீங்கள் ஒரு அடி தள்ளி வெட்டியும் கறுப்பைப் பார்த்தது அதனால்தான்.

கோலிவாடா வயர்மேன்:
லக்கின் நிறத்தில் எனக்குக் குழப்பம். பாக்கெட்டில் கேஜ் கணக்கு போட்டிருக்கிறது, நமக்கு எல்லாம் ஸ்கொயர் எம்எம்.

நாக்தேவி கடைப்பையன்:
சிவப்பு 0.5 முதல் 1.5 வரை. நீலம் 1.5 முதல் 2.5. மஞ்சள் 4 முதல் 6. 1.5 வயர் சிவப்பிலும் போகும் நீலத்திலும் போகும் என்பதால் கையில் கிடைத்ததைப் போடாதீர்கள். வாய் திறந்த ஃபோர்க் லக் வேண்டாம், முழு வளையமான ரிங் லக்கே போடுங்கள். ஸ்குரூ கொஞ்சம் தளர்ந்தாலும் ரிங் கழன்று போகாது.

செம்பூர் மாலுமி:
இன்னொன்று. பேட்டரி லக்குக்கும் முனைக்கும் நடுவில் ஸ்டெயின்லெஸ் வாஷர் போடாதீர்கள். மின்சாரம் அதன் வழியாகத்தான் போகும், அது நல்ல கடத்தி இல்லை. லக் நேராக முனையில் உட்கார வேண்டும், வாஷர் மேலே.

ஈயக்கோல்:
எல்லாம் சரி. நசுக்கினது தாங்குமா தாங்காதான்னு கடல்லதான் தெரியணுமா? சோதனை என்ன?

செம்பூர் மாலுமி:
இருக்கிறது ஐயா. அதே இ-11 அட்டவணைப்படி 14 கேஜ் வயர் 30 பவுண்டு இழுவையை ஒரு நிமிடம் தாங்க வேண்டும். நம் 2.5 வயர் அதைவிடச் சற்றே தடிமன். 30 பவுண்டு என்பது 13.6 கிலோ. குடிநீர் கேனில் 14 லிட்டர் ஊற்றித் தொங்கவிட்டால் போதும்.

கோலிவாடா வயர்மேன்:
நேற்று வீட்டு வாசலில் செய்து பார்த்தேன். மனைவியும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் நேரம் பார்த்தார்கள். 2.5 வயரில் நீல லக் பத்து, ராட்செட்டில் அடித்தது. பத்தும் நின்றன. அதே வயர், அதே லக், தகடு பிளையரால் அடித்தது பத்து. கேனைத் தூக்கி விட்டதுமே நான்கு உருவிக்கொண்டன. 1.5 வயரை நீல லக்கில் போட்டுத் தகடு பிளையரால் அடித்ததில் ஒன்றுகூட நிற்கவில்லை. இதே மாதிரி எத்தனை வீடுகளில் அடித்திருப்பேன் என்று நினைத்தால் மனசு கனக்கிறது.

ஈயக்கோல்:
நானும் செஞ்சேன். சால்டர் வெச்ச லக் ஆறும் கேனைத் தாங்கிச்சு. இழுத்துப் பார்த்தா என் வேலைல குறை இல்லை. அப்புறம் மாலுமி சொன்ன அதிர்வை நினைச்சு, லக்கை வைஸ்ல கவ்வி வயரை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் வளைச்சேன். சால்டர் வெச்சது ஆறும் முதல்ல போச்சு, எல்லாம் ஈயம் முடியற அதே இடத்துல, கத்தியால வெட்டின மாதிரி. கிரிம்ப் அதைவிட ரொம்ப நேரம் நின்னுது. கண்ணால பார்த்ததை மறைக்க மாட்டேன்.

ஆனா ஒண்ணு. எக்கோ சவுண்டர் உள்ளே போர்டுல ஒயர் விட்டிருந்தா அங்க சால்டர்தான். அதுல நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அப்புறம் கிரிம்ப்போ சால்டரோ, லக்கை ஒட்டி வயரைக் கிளாம்ப் போட்டுக் கட்டு. ஆடவிட்டா எதுவும் நிக்காது.

செம்பூர் மாலுமி:
போர்டுக்குள் சால்டர்தான் ஐயா, அதில் சண்டையே இல்லை. கிளாம்ப்பும் நூற்றுக்கு நூறு சரி. நான் அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

நாக்தேவி கடைப்பையன்:
ஸ்லீவைச் சுருக்க லைட்டரோ மெழுகுவர்த்தியோ வேண்டாம். ஒரு பக்கம் கருகும், மறுபக்கம் ஒட்டாது. ஹாட் ஏர் கன் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு முனையிலும் பசை வளையமாகப் பிதுங்கி வந்தால்தான் மூடியது என்று அர்த்தம்.

கோலிவாடா வயர்மேன்:
முடிவு செய்துவிட்டேன். ராட்செட் ஒன்று, டை இரண்டு. சிறு வயருக்கு ஹீட் ஷ்ரிங்க் ரிங் லக், பேட்டரிக்கு வெறும் செம்பு லக். ஹைட்ராலிக் கிரிம்பரைத் தாராவியில் பேனல் செய்யும் நண்பர் தருகிறார். ஓனரிடம் கேனைத் தொங்கவிட்டே காட்டினேன். பம்ப், மாஸ்ட், விஎச்எஃப் மூன்றுக்கும் டின் கோட்டட் வயருக்குச் சம்மதித்துவிட்டார். வெர்சோவா அண்ணே, பக்க விளக்கு லைன் மற்றதெல்லாம் இந்த வருடம் சாதா வயர்தான், அடுத்த தடைக்காலத்தில் மாற்றலாம் என்றிருக்கிறார்.

ஈயக்கோல் ஐயா, ஞாயிற்றுக்கிழமை தக்காவுக்கு ஒரு நடை வர முடியுமா? மாஸ்ட் அடியில் மூன்று வயர் சேர்கிற இடம் ஒன்று இருக்கிறது. அதை உங்கள் கண்ணால் பார்த்தால் எனக்குத் தைரியமாக இருக்கும்.

ஈயக்கோல்:
எட்டு மணிக்கு வரேன். நான் வர்ற வரைக்கும் அந்த ஸ்லீவைச் சுருக்காதே.